சங்கத்துக்குச் சொந்த மின்னஞ்சல் சர்வர்: வீட்டில் வைக்கலாமா, வாடகைக்கு எடுக்கலாமா, வேண்டவே வேண்டாமா?

#1 ஈசூன்_வாசி

வணக்கம். நான் தொண்டூழியராக இருக்கும் ஒரு முன்னாள் மாணவர் சங்கத்துக்கு இன்றுவரை சொந்த மின்னஞ்சல் கிடையாது. எப்போதோ ஒரு செயலாளர் தொடங்கிய இலவசக் கணக்குதான் அதிகாரபூர்வ முகவரி. நிர்வாகக் குழு மாறும்போதெல்லாம் கடவுச்சொல்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

சிங்கப்பூர்ச் சங்கப் பதிவகத்தில் பதிவு இருப்பதால் ஓஆர்ஜி.எஸ்ஜி டொமைன் எடுத்துவிட்டோம். முப்பது முகவரி வரை தேவைப்படும். மாதம் ஒரு முறை 600 உறுப்பினர்களுக்குச் செய்திமடல் போகும். என்னிடம் ஒரு மினி பிசி சும்மா கிடக்கிறது. அதில் உபுண்டு லினக்ஸ், கடிதங்களை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், அஞ்சல்பெட்டிகளைத் தரும் டவ்காட் போட்டு, ஈசூன் வீட்டு பாம் ஷெல்ட்டரில் (வெடிகுண்டுப் பாதுகாப்பு அறை) வைத்துவிடலாம் என்று யோசனை. லினக்ஸ் ஓரளவு பழக்கம். பாதுகாப்பு விஷயத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோப்பி_ஓ_கோசோங்

பாம் ஷெல்ட்டர் கதவைச் சாத்தினால் வைஃபையே வெளியே வராது, மின்னஞ்சல் எப்படி வரும்?

சீரியஸாகச் சொன்னால், லாப நோக்கமில்லாத அமைப்புகளுக்குப் பெரிய நிறுவனங்கள் சலுகை விலையில், சில சமயம் இலவசமாகவே தருகிறார்கள். விண்ணப்பித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். மின்னஞ்சல் சர்வர் வைத்திருப்பவன் தூங்கி நான் பார்த்ததில்லை.

#3 பழையநிர்வாகி

தம்பி, வீட்டில் வைப்பதை மட்டும் மறந்துவிடுங்கள். பாம் ஷெல்ட்டர் சூட்டை நான் சொல்லவில்லை. உங்கள் ஐபி முகவரியை, அதாவது இணையத்தில் உங்கள் இணைப்பின் எண்ணைச் சொல்கிறேன்.

1982இல் ஜான் போஸ்டல், சர்வர்கள் அஞ்சலைக் கைமாற்றும் எஸ்எம்டிபி விதிமுறையை எழுதியபோது, எந்த சர்வரும் எந்த சர்வரிடமும் நேராகப் போய் அஞ்சலைக் கொடுக்கலாம் என்பதுதான் ஏற்பாடு. நீ யார், எங்கிருந்து வருகிறாய் என்று யாரும் கேட்கவில்லை. இன்று சர்வர்கள் அஞ்சலைக் கொடுக்கும் வாசலான 25ஆம் போர்ட்டில் போய் நின்றால், கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே எதிர்ப்பக்கம் ஐபியைப் பார்க்கும். வீட்டு இணைப்பில் அது மாறிக்கொண்டே இருக்கும். சில திட்டங்களில் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்திருப்பார்கள், உள்ளே வருவதற்கே வழி இருக்காது. போதாததற்கு, ஸ்பாம் தடைப்பட்டியல்களை வெளியிடும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பு நடத்தும் பிபிஎல் என்ற பட்டியல் வேறு. "இந்த ஐபிகளிலிருந்து நேரடியாக மின்னஞ்சல் வரக்கூடாது" என்று அதில் வீட்டு இணைப்பு ஐபிகளைக் கொத்தாகப் போட்டிருப்பார்கள். பல சமயம் இணையச் சேவை நிறுவனங்களே கொடுத்து வைத்தவைதான். நீங்கள் ஒரு தப்பும் செய்திருக்க வேண்டியதில்லை.

அப்புறம் பிடிஆர் பதிவு. பெயரிலிருந்து ஐபியைக் கண்டுபிடிப்பது போய், ஐபியிலிருந்து பெயரைக் கண்டுபிடிக்கும் பதிவு இது. சர்வர் தன்னை எந்தப் பெயரில் அறிமுகப்படுத்திக்கொள்கிறதோ, அந்தப் பெயர் இங்கேயும் வரவேண்டும். அந்தப் பெயரைத் தேடினால் அதே ஐபி திரும்பக் கிடைக்கவேண்டும். இதை மாற்றும் உரிமை டொமைன் வைத்திருக்கும் உங்களுக்கு இல்லை, ஐபி யாருடையதோ அவருக்குத்தான். வீட்டுத் திட்டத்தில் கேட்டுப் பாருங்கள், வாடிக்கையாளர் சேவையில் இருப்பவருக்குக் கேள்வியே புரியாது.

ஆகவே வாடகை சர்வர் எடுங்கள். எடுத்தவுடன் எதையும் நிறுவாதீர்கள். கொடுத்த ஐபி ஏதாவது தடைப்பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அந்த சர்வரை அழித்துவிட்டு வேறு ஐபி கேளுங்கள்.

#4 ஈசூன்_வாசி

நன்றி அண்ணே. மின்சாரம் போனால், சர்வர் விழுந்தால் வரும் கடிதங்கள் தொலைந்துவிடுமே என்றும் ஒரு பயம் இருந்தது. இரண்டாவது எம்எக்ஸ் சர்வர், அதாவது வரும் கடிதங்களை வாங்கிவைக்க இன்னொரு சர்வர், வைக்கவேண்டுமா?

#5 பழையநிர்வாகி

வேண்டாம். அனுப்பும் சர்வர்கள் ஒரு முறை முயன்றுவிட்டு விட்டுவிடுவதில்லை. போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பாகவே 5 நாள் வரை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும், மற்றவையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரு ராத்திரி விழுந்து கிடந்தாலும் காலையில் எல்லாம் வந்து சேரும். இரண்டாவது எம்எக்ஸ் வைத்தால், அதில் காவல் குறைவாக இருக்கும் என்று தெரிந்து ஸ்பாம்காரர்கள் நேராக அதற்குத்தான் வருவார்கள்.

#6 பிடோக்_பையன்

ப்ரோ, கையால் போஸ்ட்ஃபிக்ஸ் எழுதும் காலமெல்லாம் போய்விட்டது. மெயில்கவ் போடுங்கள். மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிகளாக ஓட்டும் டாக்கர் இருந்தால் போதும். போஸ்ட்ஃபிக்ஸ், டவ்காட், ஸ்பாமை வடிகட்டும் ஆர்ஸ்பாம்டி, இணையவழி அஞ்சல்பெட்டி எல்லாம் ஒரே தொகுப்பு. 6 ஜிபி ரேம் மட்டும் வேண்டும். சின்ன சர்வர்தான் என்றால் மெயில்-இன்-அ-பாக்ஸ், அது 1 ஜிபியிலேயே ஓடும். டொமைனின் முகவரி ஏடான டிஎன்எஸ் பதிவுகளில் என்ன எழுதவேண்டும் என்றுகூட அதுவே காட்டிவிடும்.

#7 பழையநிர்வாகி

தொகுப்பு போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முப்பது பேர் சங்கத்துக்கு அதுதான் சரி. ஆனால் இரண்டு விஷயம்.

பெரும்பாலான மேகச் சேவைகளில் 25ஆம் போர்ட் வெளியே போகாதபடி அடைத்திருக்கும். கூகள் கிளவுடில் பொதுவாகத் திறக்க மாட்டார்கள். ஏடபிள்யூஎஸ்ஸில் படிவம் நிரப்பிக் கேட்கவேண்டும், பிடிஆரையும் அதிலேயே கேட்டுக்கொள்ளலாம். டிஜிட்டல்ஓஷனிலும் இயல்பாக அடைப்புதான். பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

டாக்கரில் ஒரு குழி இருக்கிறது. தொகுப்புகளில் இதைக் கவனித்திருப்பார்கள், நீங்களே சொந்தமாகக் கட்டினால்தான் ஆபத்து. போஸ்ட்ஃபிக்ஸில் "என் சொந்த நெட்வொர்க்" என்று ஒரு பட்டியல் உண்டு. அதிலிருந்து வருபவர்கள் கடவுச்சொல் இல்லாமலே எங்கு வேண்டுமானாலும் கடிதம் அனுப்பலாம். டாக்கரின் உள் ஐபிகளை அதில் சேர்த்து வைப்பார்கள். சில அமைப்புகளில், குறிப்பாக ஐபிவி6 என்ற புதிய வகை ஐபி வழியாக வரும் இணைப்புகளில், வெளியாள் டாக்கரின் பாலம் வழியாக உள்ளே வருவதால் அவர் ஐபியும் உள் ஐபியாகவே தெரியும். அவ்வளவுதான், உலகமே உங்கள் சொந்த நெட்வொர்க் ஆகிவிடும். திறந்த ரிலே என்பார்கள். கண்டுபிடிக்க ஸ்பாம்காரர்களுக்கு அதிக நேரம் ஆகாது. நிறுவி முடித்ததும் வெளியிலிருந்து, உங்கள் கைப்பேசி இணைப்பில் இருந்தாவது, கடவுச்சொல் இல்லாமல் வேறு டொமைனுக்கு அனுப்ப முயன்று பாருங்கள். மறுத்தால் சரி. ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும் முயலவேண்டும்.

#8 நீலமலர்

தொழில்நுட்பம் நடக்கட்டும், நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். ஒரு சிறு நிறுவனத்தில் தகவல் பாதுகாப்பு என் வேலை.

சங்கம் என்றாலும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012 உங்களுக்குப் பொருந்தும். பொறுப்பதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். தொண்டூழியராகவே இருக்கலாம், ஆனால் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். 2021 பிப்ரவரி முதல், தகவல் கசிந்தால் அறிவிக்கும் கடமையும் வந்துவிட்டது: பாதிக்கப்பட்டவர்கள் 500 பேர் அல்லது அதற்கு மேல் என்றாலோ, பெரிய தீங்கு வரக்கூடியது என்றாலோ, அப்படி மதிப்பிட்ட 3 நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். உங்களிடம் 600 பேர். அந்த ஒரு பட்டியல் வெளியே போனாலே எல்லை தாண்டிவிடுகிறது. அடையாள அட்டை எண்ணை உறுப்பினர் படிவத்தில் வாங்கி அதை மின்னஞ்சலில் சுற்றவிடும் வழக்கம் இருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

செய்திமடலுக்கு ஸ்பாம் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007. கேட்காமல் அனுப்பும் விளம்பர மின்னஞ்சல் 24 மணி நேரத்தில் 100ஐத் தாண்டினால் மொத்தமாக அனுப்புவதாகக் கணக்கு. தலைப்பில் விளம்பரம் என்ற குறி, விலகும் வசதி எல்லாம் வேண்டும். உறுப்பினர்கள் சம்மதித்துப் பெறும் சங்கச் செய்தி அந்த வகை அல்ல. ஆனால் தீபாவளிக்கு நகைக்கடை விளம்பரத்தைச் சேர்த்து, விலகிப்போன பழைய உறுப்பினர்களுக்கும் அனுப்பினால் கதை மாறும். சம்மதம் எப்போது, எப்படி வாங்கியது என்று எழுதி வையுங்கள்.

#9 கோப்பி_ஓ_கோசோங்

நகைக்கடை விளம்பரம் இல்லாத சங்க மலரை நான் இன்னும் பார்க்கவில்லை அக்கா.

#10 ஈசூன்_வாசி

வாடகை சர்வர் எடுத்து, சிங்கப்பூரிலேயே உள்ள ஒரு தரவு நிலையத்தில் மெயில்கவ் நிறுவியாகிவிட்டது. பிடிஆர் சரி. அனுப்புநரை உறுதிசெய்யும் டிஎன்எஸ் பதிவுகளான எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் எழுதிவிட்டேன். சிஎஸ்ஏ, அதாவது நம் இணையப் பாதுகாப்பு அமைப்பு, நடத்தும் இலவசச் சோதனைத் தளத்தில் டொமைனைக் கொடுத்துப் பார்த்தேன், பெரும்பாலும் பச்சை. திறந்த ரிலே சோதனையும் செய்தேன், மறுக்கிறது.

ஜிமெயிலுக்குப் போடுவது உள்பெட்டிக்கே போகிறது. ஆனால் இன்னொரு பெரிய இலவசச் சேவையில் முகவரி வைத்திருக்கும் உறுப்பினர்களுக்கு எல்லாம் குப்பைப் பெட்டிக்குப் போகிறது. ஒரு சிலருக்கு அங்கேகூட இல்லை. "ஏற்றுக்கொண்டோம்" என்றுதான் பதிவேட்டில் இருக்கிறது, கடிதம் மட்டும் காணோம். எதைத் தவறவிட்டேன்?

#11 பழையநிர்வாகி

நீங்கள் எதையும் தவறவிடவில்லை.

மூன்று பதிவும் என்ன சொல்கின்றன? இந்த டொமைன் பெயரில் எந்த ஐபிகள் அனுப்பலாம் என்பது எஸ்பிஎஃப். கடிதத்தில் கையொப்பம் இருக்கிறது, வழியில் மாறவில்லை என்பது டிகேஐஎம். இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பது டிமார்க். ஆக மொத்தம், அனுப்பியது நீங்கள்தான் என்று நிரூபிக்கிறீர்கள். நீங்கள் நல்லவரா என்பதற்கு இவற்றில் பதில் இல்லை. ஸ்பாம்காரனும் இதே மூன்றையும் ஒழுங்காக எழுதி வைத்திருப்பான், சொல்லப்போனால் நம்மைவிட ஒழுங்காக.

நல்லவரா என்பதை அனுப்பும் ஐபியின் வரலாறும் டொமைனின் வயதும் சொல்லும். உங்கள் ஐபியை உங்களுக்கு முன்னால் யார் வைத்திருந்தார், பக்கத்து ஐபிகளில் யார் இருக்கிறார் என்பதெல்லாம் கணக்கில் வரும். வாடகைக்குப் போன வீட்டில் முன்பு குடியிருந்தவன் சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் ஆலோங்கிடம் கடன் வாங்கிவிட்டு ஓடிப்போயிருந்தால், சிவப்புச் சாயம் உங்கள் கதவில்தான் விழும். கடன் பத்திரத்தில் உங்கள் பெயர் இல்லை என்பதெல்லாம் சாயம் ஊற்றுகிறவனுக்கு அக்கறையில்லை.

கூகளும் யாஹூவும் 2024 பிப்ரவரியில் விதிகளை இறுக்கின. ஜிமெயிலுக்கு நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு டிமார்க்கும், செய்திமடல் என்றால் ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். சிறியவர்களும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம், சரியான பிடிஆர், டிஎல்எஸ் மறைகுறியாக்கம் வைத்திருக்க வேண்டும். ஸ்பாம் என்று புகார் வரும் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. விதி எழுதிக் கொடுத்தால் பின்பற்றலாம். எழுதாத விதி, அதாவது நற்பெயர், அதுதான் கஷ்டம். மாதம் 600 கடிதம் அனுப்புகிறவருக்கு நற்பெயர் வளரவே வளராது. கூகளின் போஸ்ட்மாஸ்டர் பக்கத்தில் போய்ப் பாருங்கள், உங்கள் அளவுக்கு அது வரைபடம்கூடக் காட்டாது.

என் யோசனை இதுதான். பெட்டிகளை உங்கள் சர்வரில் வைத்துக்கொள்ளுங்கள், வரும் கடிதங்களை நீங்களே வாங்குங்கள். வெளியே போவதை மட்டும், நம் சார்பில் கடிதத்தைக் கொண்டுசேர்க்கும் ஒரு ரிலே சேவை வழியாக விடுங்கள். அமேசான் எஸ்இஎஸ்ஸில் ஆயிரம் கடிதம் 10 அமெரிக்கக் காசு. உங்கள் சங்கத்துக்கு மாதச் செலவு ஒரு கோப்பிக்கே வராது. எஸ்பிஎஃபில் அவர்களைச் சேர்க்கும்போது மட்டும் பார்த்துச் சேருங்கள், அதற்கான டிஎன்எஸ் தேடல்கள் 10ஐத் தாண்டினால் பதிவு முழுவதுமே செல்லாது.

#12 பிடோக்_பையன்

அப்படியென்றால் அது எப்படி அண்ணே சொந்த சர்வர் ஆகும்? போகும் கடிதமெல்லாம் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கையால் போகிறது. அவர்கள் படிக்கலாம், ஒரு நாள் கணக்கை மூடலாம். நான் என் சொந்த டொமைனிலிருந்து நேரடியாகத்தான் அனுப்புகிறேன். சேர்கிறது. பொறுமை வேண்டும், அவ்வளவுதான். குப்பைப் பெட்டிக்குத் தள்ளும் அந்தச் சேவையின் அனுப்புநர் உதவிப் படிவத்தை நிரப்பி, விடாமல் பதில் எழுதி, நல்ல ஐபி வாங்கி, ஒழுங்காக வைத்தேன். எல்லாரும் ரிலேக்குப் போனால் இணையத்தில் மின்னஞ்சல் என்பது நாலு நிறுவனங்களுக்குள் பேசிக்கொள்வதாக ஆகிவிடும்.

#13 பழையநிர்வாகி

நியாயம். உங்கள் கொள்கையில் எனக்கு மரியாதை உண்டு, சொந்த டொமைனுக்கு நானும் அப்படித்தான் செய்கிறேன். ஆனால் உங்கள் கடிதம் சேராவிட்டால் நஷ்டம் உங்களுக்கு. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு சேராவிட்டால், கோரம் இல்லை, கூட்டம் செல்லாது என்று கிளம்புவதற்கு நாலு பேர் தயாராக இருப்பார்கள்.

படிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பெறுபவர்களில் முக்கால்வாசிப் பேர் பெட்டியே அந்தப் பெரிய நிறுவனங்களில்தான் இருக்கிறது. போகும் வழியில் மறைத்து என்ன ஆகப்போகிறது? கணக்கை மூடினால் ரிலேயை மாற்றிக்கொள்ளலாம்: போஸ்ட்ஃபிக்ஸில் ஒரு வரி, டிஎன்எஸ்ஸில் இரண்டு பதிவு. பெட்டிகளும் டொமைனும் உங்கள் கையில் இருக்கும்வரை யாரும் உங்களைப் பூட்டிவைக்க முடியாது.

#14 முனையம்_465

இவ்வளவு நேரம் எல்லாரும் சேர்கிறதா, சேரவில்லையா என்றே பேசுகிறீர்கள். கேள்வியில் பாதுகாப்பு என்று ஒரு சொல் இருந்தது :)

#15 பழையநிர்வாகி

அதற்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகும்.

மின்னஞ்சல் சர்வரை உடைப்பவன் பெரும்பாலும் மென்பொருளை உடைப்பதில்லை. அதுவும் நடக்கும்: 2019இல் எக்சிம் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளில் ஒரு ஓட்டை, 2021இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்சில் இன்னொன்று, உலகம் முழுக்க அடி. 2023 டிசம்பரில் டிமோ லாங்கின் என்பவர் எஸ்எம்டிபி கடத்தல் என்ற உத்தியை வெளியிட்டார். வரி முடிவை இரண்டு சர்வர்கள் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வதை வைத்து, ஒரு கடிதத்துக்குள் இன்னொரு போலிக் கடிதத்தை நுழைக்கும் வித்தை. போஸ்ட்ஃபிக்ஸ் 3.9 முதல் அதற்குக் காப்பு இயல்பாகவே உண்டு. இதற்கெல்லாம் தானியங்கிப் புதுப்பிப்பை முடுக்கி வைத்து, உங்கள் தொகுப்பின் வெளியீட்டுக் குறிப்புகளை அவ்வப்போது பார்த்தாலே பெரும்பகுதி முடிந்தது.

உண்மையில் நடப்பது வேறு. நான் பராமரித்த ஒரு நிறுவனத்தில், கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவர் போலி உள்நுழைவுப் பக்கத்தில் கடவுச்சொல்லைத் தட்டிவிட்டார். அன்றிரவே அவர் கணக்கிலிருந்து ஆயிரக்கணக்கில் ஸ்பாம். காலையில் ஐபி எல்லாத் தடைப்பட்டியலிலும். சர்வரில் ஓட்டையே இல்லை, சரியான கடவுச்சொல்லோடுதான் வந்தான். ஸ்பாம் அனுப்பாமல் சும்மா உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். விலைச்சீட்டு போகும் நேரம் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று ஒரு வரி. இங்கே காவல்துறை பல வருடமாக எச்சரித்துவரும் மோசடி இது.

அதனால் கடவுச்சொல் போய்விட்டது என்று வைத்துக்கொண்டே சர்வரை அமையுங்கள். ஒரு பயனர் மணிக்கு இத்தனைதான் அனுப்பலாம் என்று எல்லை வையுங்கள். ஆர்ஸ்பாம்டியில் பயனர் வாரியாக வைக்கலாம். பொருளாளருக்கு மணிக்கு 30 போதும். தாண்டினால் தடுத்து உங்களுக்கு ஒரு தகவல் வரட்டும். உள்ளே நுழைந்தவர் தன் முகவரியில் மட்டுமே அனுப்பமுடியும் என்பதையும் கட்டாயமாக்குங்கள். இல்லையென்றால் யாரோ ஒரு துணைக்குழு உறுப்பினரின் கணக்கு போதும், தலைவர் பெயரில் எழுதிவிடலாம். உள்ளிருந்தே போவதால் டிமார்க் எல்லாம் பாஸ் ஆகும்.

தப்பான கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டும் ஐபியைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போடுங்கள், ஆனால் அதை நம்பிப் படுத்துவிடாதீர்கள். இப்போதெல்லாம் ஒரே ஐபியிலிருந்து நூறு முறை தட்டுவதில்லை. நூறு ஐபியிலிருந்து ஆளுக்கு ஒரு முறை, மெதுவாகத் தட்டுகிறார்கள். இணையவழிப் பெட்டிக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள். செயலிகள் பெட்டியைத் திறக்கும் வழியான ஐமேப்பில் அது வேலை செய்யாது என்பதால், கைப்பேசிச் செயலிக்கெல்லாம் தனித்தனிச் செயலிக் கடவுச்சொல். மெயில்கவ்வில் இரண்டுக்கும் வசதி உண்டு. நிர்வாகப் பக்கத்தையும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சையும் வயர்கார்டு விபிஎன்னுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள், பொது இணையத்துக்குக் காட்ட ஒரு காரணமும் இல்லை.

25ஆம் போர்ட்டில் கடவுச்சொல் கேட்கவே கூடாது. அது சர்வர்கள் பேசிக்கொள்ளும் இடம். ஆட்கள் 465 வழியாக வரட்டும், முதல் பைட்டிலிருந்தே மறைகுறியாக்கம் உண்டு. 2018இலேயே ஆர்எஃப்சி 8314 என்ற இணைய விதிமுறை ஆவணம் அதைத்தான் சிபாரிசு செய்தது. அதே சமயம் 25இல் டிஎல்எஸ்ஸைக் கட்டாயமாக்காதீர்கள், பழைய சர்வர்களின் கடிதம் வராது. "முடிந்தால்" என்று வைத்துவிட்டு, எம்டிஏ-எஸ்டிஎஸ் என்ற கொள்கை அறிவிப்பை வெளியிடுங்கள். உங்களுக்கு அனுப்புகிறவர் அதைப் பார்த்துத் தன் பக்கத்தில் கட்டாயமாக்கிக்கொள்வார். டிஎன்எஸ் பதிவுகளுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் இருந்தால், இதே நோக்கம் கொண்ட டேன் என்ற பதிவும் சேர்க்கலாம், எஸ்ஜி டொமைன்களில் டிஎன்எஸ்செக் கிடைக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பலர் இதில் விழுவார்கள். தடைப்பட்டியலைப் பார்க்க 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தாதீர்கள். ஸ்பாம்ஹவுஸ் அதற்குப் பதில் தராது, ஒரு பிழை எண்ணைத் திருப்பும். போஸ்ட்ஃபிக்ஸில் எந்த எண் வந்தால் தடுப்பது என்று குறிப்பாகச் சொல்லாமல் விட்டால், பிழையையே "பட்டியலில் இருக்கிறது" என்று எடுத்துக்கொண்டு வரும் கடிதம் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிடும். சர்வரிலேயே அன்பவுண்ட் என்ற சொந்த டிஎன்எஸ் தேடுநர் ஓடட்டும். மெயில்கவ்வில் அது கூடவே வரும்.

#16 நீலமலர்

இதோடு டொமைன் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் யார் கையில் இருக்கிறதோ, எம்எக்ஸை மாற்றிக் கடிதத்தைத் தன் பக்கம் திருப்பிவிடலாம், சர்வரைத் தொடவே வேண்டாம். பதிவாளர் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பு, டொமைன் பூட்டு இரண்டும் வேண்டும். அந்தக் கணக்கின் மீட்பு முகவரி இதே டொமைனில் இருக்கக்கூடாது. டொமைன் முடங்கினால் மீட்புக் கடிதமும் அதே முடங்கிய பெட்டிக்குத்தானே வரும்?

எஸ்ஜி டொமைன் பதிவு செய்தபோது நிர்வாகத் தொடர்பாளர் ஒருவர் அரசின் மின்னடையாளச் சேவையான சிங்பாஸ் வழியாக உறுதிசெய்திருப்பார், 21 நாளில் செய்யாவிட்டால் முடக்கிவிடுவார்கள். அவர் யார் என்று சங்கக் குறிப்பேட்டில் இருக்கட்டும். நிர்வாகக் குழு மாறும்போது கையளிக்கும் பட்டியலில் வங்கிக் கையொப்பத்துக்கு அடுத்த வரியாக இதைப் போடுங்கள்.

#17 ஈசூன்_வாசி

ரிலே போட்டாகிவிட்டது, இப்போது எல்லாப் பக்கமும் உள்பெட்டிக்குப் போகிறது. பிடோக் தம்பிக்கு மன்னிப்பு :)

டிமார்க்கை இப்போது வெறும் கண்காணிப்பில் வைத்திருக்கிறேன். நேராக நிராகரிப்புக்குப் போகலாமா? இன்னொன்று, நிர்வாகக் குழுவுக்கு மெயில்மேன் என்ற குழு அஞ்சல் மென்பொருளில் ஒரு குழு முகவரி வைத்தேன். யாஹூ முகவரி வைத்திருக்கும் ஒரு மூத்த உறுப்பினர் எழுதுவது மட்டும் மற்றவர்களுக்குப் போவதில்லை.

#18 முனையம்_465

யாஹூ விவகாரம் 2014 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அப்போதுதான் யாஹூ தன் டிமார்க்கை நிராகரிப்புக்கு மாற்றியது, உலகத்தில் இருந்த குழுமங்கள் பாதி படுத்துவிட்டன. குழு முகவரி கடிதத்தை வாங்கி, தலைப்பில் சங்கப் பெயரைச் சேர்த்து, அடியில் இரண்டு வரி ஒட்டி மறுபடி அனுப்புகிறது. உள்ளடக்கம் மாறியதால் டிகேஐஎம் கையொப்பம் உடைகிறது, ஐபி உங்களுடையது என்பதால் எஸ்பிஎஃபும் யாஹூவுக்குப் பொருந்தாது. மெயில்மேனில் டிமார்க் தணிப்பு என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அனுப்புநர் முகவரியைக் குழு முகவரியாக மாற்றி, எழுதியவருக்குப் பதில் போகும்படி வைத்துவிடும். அதைத் தேர்ந்தெடுங்கள்.

நேராக நிராகரிப்புக்குப் போகவேண்டாம். அறிக்கைகள் தினமும் எக்ஸ்எம்எல்லாக வரும், சில வாரம் பாருங்கள். நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு விற்கும் தளம், கருத்தாய்வுப் படிவம் என்று உங்களுக்கே தெரியாமல் சங்கத்தின் பெயரில் அனுப்பும் ஏதாவது ஒன்று வெளியே வரும். அதையெல்லாம் சரிசெய்துவிட்டுக் குப்பைப் பெட்டி நிலைக்குப் போய், பிறகு நிராகரிப்பு. பழைய நிகழ்ச்சிக்கு எடுத்த டொமைன் ஏதாவது சும்மா கிடந்தால், அதற்கு இன்றே நிராகரிப்பு போடலாம். எஸ்பிஎஃபில் யாருக்கும் அனுமதி இல்லை என்று எழுதி, எம்எக்ஸில் வெறும் புள்ளி வையுங்கள்.

#19 கோப்பி_ஓ_கோசோங்

பேக்கப்?

#20 பழையநிர்வாகி

ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருளில் மறைகுறியாக்கி, வேறு நிறுவனத்தின் சேமிப்பில், தினம் ஒரு முறை. அதே நிறுவனத்தில் வைத்தால் கணக்கு முடங்கும் அன்று இரண்டும் சேர்ந்து போகும். அழிக்கும் அனுமதி இல்லாத சாவியை சர்வரில் வையுங்கள், உள்ளே வந்தவன் பேக்கப்பையும் அழிக்காமல் இருக்க. ஈசூன் தம்பியின் மினி பிசி இருக்கிறதே, அதில் மாதம் ஒரு முறை மீட்டுப் பார்க்கலாம். அதற்கு பாம் ஷெல்ட்டர் ஏற்ற இடம்தான்.

#21 எழுத்தாணி

தாமதமாக வந்து ஒரு கேள்வி. .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் டொமைன் 2011 முதல் இருக்கிறது. முகவரி முழுக்கத் தமிழில், அதாவது @ குறிக்கு முன்னாலும் தமிழில், "தொடர்பு" என்று வைக்க முடியுமா? தமிழ்ச் சங்கத்துக்கு அதுதானே அழகு.

#22 முனையம்_465

டொமைன் பகுதி சுலபம். உள்ளே அது லத்தீன் எழுத்து வடிவத்துக்கு மாற்றப்பட்டுத்தான் போகும், பழைய சர்வரும் ஏற்கும். முன்பகுதி தமிழில் என்றால் எஸ்எம்டிபியுடிஎஃப்8 என்ற நீட்சி வேண்டும், 2012இல் ஆர்எஃப்சி 6531ஆக வந்தது. போஸ்ட்ஃபிக்ஸில் 2015இல் 3.0 பதிப்பிலிருந்து இருக்கிறது, ஜிமெயிலும் 2014 முதல் ஏற்கும். சிக்கல் என்னவென்றால், வழியில் உள்ள ஒவ்வொரு சர்வரும் ஏற்கவேண்டும். ஒன்று ஏற்காவிட்டாலும் கடிதம் திரும்பிவிடும், மாற்று வடிவம் கிடையாது. இணையப் படிவங்கள் பலவும் "செல்லாத முகவரி" என்று துப்பிவிடும்.

நீங்கள் எடுத்த உதாரணத்திலேயே இன்னொரு வம்பு இருக்கிறது. "தொ" என்பதை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: த-வுடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது, அல்லது ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகச் சேர்ப்பது. கண்ணுக்கு ஒரே மாதிரி, பைட்டில் வேறு. டொமைன் பகுதியில் இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் விதி கண்டிப்பாக உண்டு. முன்பகுதியில் அது பெறும் சர்வரின் விருப்பம். ஒரு விசைப்பலகையில் தட்டினால் சேரும், இன்னொன்றில் தட்டினால் அப்படி ஓர் ஆள் இல்லை என்று திரும்பும்.

#23 எழுத்தாணி

அப்படியானால் ஒகரம் இல்லாத சொல்லாகப் பார்த்து, "செயலாளர்" என்று வைத்து, லத்தீன் எழுத்துப் பெட்டிக்கு மாற்றுப் பெயராக விட்டால்?

#24 முனையம்_465

அது நடக்கும். வாங்குவதற்கு மட்டும் வையுங்கள், அனுப்பும்போது லத்தீன் முகவரியிலேயே அனுப்புங்கள். ஆனால் ரிலே சேவை இந்த நீட்சியை ஏற்கிறதா என்பதையும் பாருங்கள். தமிழ் முகவரி வைத்திருக்கும் ஒருவருக்கு உங்கள் செயலாளர் பதில் எழுதினால் அதுவும் அந்த வழியாகத்தான் போகவேண்டும். ஏற்கவில்லை என்றால், போஸ்ட்ஃபிக்ஸின் வழித்தட அட்டவணையில் அந்த டொமைன்களை மட்டும் ரிலேக்குப் போகாமல் நேராக அனுப்பும்படி எழுதலாம்.

#25 பிடோக்_பையன்

ஆக, தமிழ் முகவரிக்காவது நேரடியாக அனுப்பித்தான் ஆகவேண்டும் :) ஈசூன் ப்ரோ, 25ஆம் போர்ட்டை மூடிவிடாதீர்கள்.

#26 ஈசூன்_வாசி

மூடவில்லை. எழுத்தாணி, உங்களிடம் அப்படி ஒரு முகவரி இருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இன்றிரவே சோதித்துப் பார்க்கிறேன்.